வளவு

வளவு என்பது செட்டிநாட்டு வீட்டின் நடுவே வானம் பார்த்த முற்றமும், அதைச் சுற்றிய தூண் தாழ்வாரமும் அறைகளும் சேர்ந்த பகுதி. புதுக்கோட்டை மாவட்டத்தில், இராயவரம், கோனாப்பட்டு முதலிய நகரத்தார் என்னும் வணிகச் சமூகத்தாரின் ஊர்களில் இதைக் காணலாம். இவ்வீடுகளில் பல 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலும் எழுந்தவை.

முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என வாசல்கள் ஒரே நேர்க்கோட்டில் அமைவதால், தெருவாசலில் நின்றால் பின்கட்டு வரை தெரியும். காற்றுக்கும் அதுவே வழி. சூடேறிய காற்று எடை குறைந்து முற்றத்தின் வழியே மேலேற, நிழற்பக்கத்துக் காற்று உள்ளே நுழையும். இரவில் முற்றத்தில் குளிர்காற்று இறங்கித் தங்கும். தடித்த செங்கற்சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் அந்தக் குளிர்ச்சியைப் பகலுக்கும் பிடித்துவைக்கின்றன.

அமெரிக்க வீடுகளில் உட்கூரையில் பொருத்தும் பெரிய மின்விசிறியும் இதே வேலையைச் செய்கிறது. அந்தி சாய்ந்ததும் சன்னல்களைத் திறந்து அதை ஓட்டினால், வெப்பக் காற்று பரண் வழியே வெளியேறும். வெளிக்காற்று உள்ளேயிருப்பதைவிடக் குளிர்ந்திருந்தால்தான் பயன். சித்திரை நண்பகலில் சன்னலைச் சாத்திவைப்பதே சரி.

வளவின் முற்றத்துக்கு மேலே கம்பி போடுவதால் காற்றோட்டத்துக்குக் கேடில்லை. தகடு போட்டு மூடினால் அது நின்றுவிடும்.

செட்டிநாட்டு ஊர்த்தொகுதி 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.