ஜப்பான் – துருக்கி உறவுகளின் வரலாறு

ஜப்பானும் துருக்கியும் ஆசியாவின் இரு கோடிகளில் உள்ள நாடுகள். டோக்கியோவுக்கும் இஸ்தான்புல்லுக்கும் இடையே ஏறத்தாழ 9,000 கிலோமீட்டர் தொலைவு. மொழியிலோ சமயத்திலோ ஆட்சிமுறையிலோ பழைய தொடர்பு எதுவும் இவற்றுக்கு இல்லை. ஒன்றையொன்று ஆண்டதும் இல்லை. ஆயினும் இவ்விரு நாட்டு மக்களிடையே நிலவும் நட்பு பல அண்டை நாடுகளிடையே கூடக் காண முடியாத ஒன்றாகும். இந்த நட்பின் தொடக்கமாக 1890ஆம் ஆண்டில் நிகழ்ந்த எர்துருல் கப்பல் விபத்தைக் குறிப்பிடுவர். ஆனால் முறையான தூதரக உறவு தொடங்கியது 1924 ஆகஸ்டு 6ஆம் நாளில்தான். இடைப்பட்ட 34 ஆண்டுகளில் இரு அரசுகளும் பலமுறை பேசியும் ஓர் ஒப்பந்தம் கூடக் கையெழுத்தாகவில்லை. கப்பல் விபத்தின் கதை பரவலாக அறியப்பட்ட அளவுக்கு இந்தத் தாமதத்தின் காரணம் அறியப்படவில்லை.

தொடக்கக் காலத் தொடர்புகள்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துருக்கி என்ற பெயரில் தனி நாடு இல்லை. உதுமானியப் பேரரசு என்ற பெரிய அரசு இஸ்தான்புல்லைத் தலைநகராகக் கொண்டு ஆண்டு வந்தது. ஐரோப்பிய வல்லரசுகள் அதன் எல்லைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கொண்டிருந்த காலம் அது. ஜப்பானோ 1868இல் மெய்ஜி பேரரசர் தலைமையில் ஆட்சி மாறிய பிறகு, மேலை நாடுகளிடம் கற்றுக்கொண்டு வேகமாக எழுந்து வந்தது. இரண்டுக்கும் பொதுவாக இருந்த அச்சம் ரஷ்யா.

1880–81இல் யோஷிதா மசஹாரு என்ற அதிகாரியின் தலைமையில் ஒரு ஜப்பானியக் குழு பாரசீகத்துக்கும் உதுமானியப் பேரரசுக்கும் சென்றது. 1887இல் மெய்ஜி பேரரசரின் உறவினரான இளவரசர் கொமாத்சு அகிஹிதோ இஸ்தான்புல் சென்று சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதைச் சந்தித்தார். இதற்கு மறுமரியாதை செய்ய சுல்தான் ஒரு போர்க்கப்பலை ஜப்பானுக்கு அனுப்ப முடிவு செய்தார். அதுவே எர்துருல்.

சுல்தானுக்கு வேறொரு நோக்கமும் இருந்தது. அவர் உலக முஸ்லிம்களின் கலீபா என்ற பட்டத்தையும் தாங்கியிருந்தார். பம்பாய், கொழும்பு, சிங்கப்பூர் போன்ற துறைமுகங்களில் தம் கொடியுடன் ஒரு கப்பல் நின்றால், பிரித்தானிய ஆட்சியின் கீழ் வாழும் முஸ்லிம்களிடையே தம் செல்வாக்கு உயரும் என்று அவர் கருதினார். அந்தத் துறைமுகங்களில் கப்பலைக் காண முஸ்லிம்கள் திரண்டு வந்தனர் என்பதால் இந்த நோக்கம் ஓரளவு நிறைவேறியது என்றே சொல்ல வேண்டும்.

எர்துருலின் பயணம்

எர்துருல் என்பது உதுமானிய அரச மரபைத் தொடங்கிய உதுமானின் தந்தையின் பெயர். பெயர் பெரிதாக இருந்தாலும் கப்பல் பழையது. 1863இல் வெள்ளோட்டம் விடப்பட்ட மரக்கப்பல் அது. பாயும் நீராவி எந்திரமும் இரண்டும் கொண்டது. அவ்வளவு நீண்ட பயணத்தை அது தாங்குமா என்ற ஐயம் அப்போதே எழுந்தது.

உதுமான் பாஷா தலைமையில் 600க்கும் மேற்பட்டோருடன் 1889 ஜூலை 14 அன்று கப்பல் இஸ்தான்புல்லை விட்டுப் புறப்பட்டது. சூயஸ் கால்வாயிலேயே தரைதட்டிப் பழுதுபட்டது. பிறகு பழுதுபார்ப்புக்கும் பணத்துக்கும் காத்திருந்து காத்திருந்து, துறைமுகம் துறைமுகமாக நகர்ந்து, 1890 ஜூன் 7 அன்று யோகோஹாமாவை அடைந்தது. ஏறத்தாழ 11 மாதங்கள்! சுல்தான் அனுப்பிய விருதும் பரிசுகளும் மெய்ஜி பேரரசரிடம் வழங்கப்பட்டன.

திரும்பும் வேளையில் கப்பலில் காலரா பரவியது. மாலுமிகள் சிலர் இறந்தனர். புயல் பருவம் நெருங்குவதால் சற்றுப் பொறுத்துச் செல்லுமாறும், கப்பலைச் செப்பனிட்டுக் கொள்ளுமாறும் ஜப்பானியர் அறிவுரை கூறினர். ஆனால் கையில் பணம் தீர்ந்திருந்தது. ஊர் திரும்பும்படி மேலிடத்திலிருந்து நெருக்குதலும் இருந்தது. செப்டம்பர் 15 அன்று யோகோஹாமாவிலிருந்து கப்பல் புறப்பட்டது.

மறுநாள் இரவு, வாகாயாமா மாநிலத்தின் தென்முனையில் உள்ள ஓஷிமா தீவருகே புயலில் சிக்கிப் பாறைகளில் மோதியது. எந்திர அறைக்குள் நீர் புகுந்து கொதிகலன் வெடித்தது. உதுமான் பாஷா உட்பட 500க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உயிர் பிழைத்தவர்கள் 69 பேர் மட்டுமே.

காஷினோ மக்கள்

பாறைகளுக்கு மேலே காஷினோசாகி கலங்கரை விளக்கம் இருந்தது. 1870இல் ஒளியேற்றப்பட்ட அது ஜப்பானின் பழைமையான கல் கலங்கரை விளக்கங்களுள் ஒன்று. கரையில் ஒதுங்கிய மாலுமிகள் சிலர் அந்த வெளிச்சத்தை நோக்கிச் செங்குத்தான பாறையில் ஏறினர். காயத்தோடு வந்து நின்றவர்களின் மொழி காவலருக்குப் புரியவில்லை. பல நாட்டுக் கொடிகள் அச்சிட்ட நூலைக் காட்டியபோது, அவர்கள் பிறைக்கொடியைச் சுட்டிக்காட்டினர் என்று அவ்வூரில் சொல்லப்படுகிறது.

காஷினோ ஒரு சிறிய மீனவக் கிராமம். அந்த ஆண்டு மீன்பாடு குறைவு; மக்களே அரைவயிறு உண்டு வந்தனர். அப்படியிருந்தும் காயமுற்றவர்களைத் தோளில் சுமந்து வந்து, குளிரில் விறைத்த உடல்களைத் தங்கள் உடற்சூட்டால் தேற்றி, இருந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கையும், ஆபத்துக் காலத்துக்கென வைத்திருந்த கோழிகளையும் சமைத்துக் கொடுத்தனர். கரை ஒதுங்கிய உடல்களை எடுத்துப் பாறைமேட்டில் அடக்கம் செய்தனர்.

மருத்துவம் பார்த்த உள்ளூர் மருத்துவர்களிடம் பின்னர் செலவுக் கணக்கு கேட்கப்பட்டது. தாங்கள் பணம் பெறும் எண்ணத்தோடு சிகிச்சை அளிக்கவில்லை என்றும், அத்தொகையைப் பாதிக்கப்பட்டோருக்கே கொடுத்துவிடுமாறும் அவர்கள் எழுதி அனுப்பினர். கதைகள் பல சேர்ந்துவிட்ட இந்த நிகழ்ச்சியில், எழுத்துச் சான்றுள்ள செய்தி இது.

உயிர் பிழைத்தோர் கோபே நகரில் சிகிச்சை பெற்ற பின், ஹியெய், கொங்கோ என்ற இரு ஜப்பானியப் போர்க்கப்பல்கள் அவர்களை ஏற்றிச் சென்று 1891 ஜனவரி 2 அன்று இஸ்தான்புல்லில் சேர்த்தன. நாளிதழ்கள் மூலம் திரட்டிய நன்கொடையுடன் நோதா ஷோதரோ என்ற செய்தியாளரும் உடன் சென்றார். சுல்தானின் விருப்பப்படி அங்கேயே தங்கி இராணுவப் பள்ளியில் ஜப்பானிய மொழி கற்பித்தார். இஸ்லாத்தைத் தழுவிய முதல் ஜப்பானியராக அவரைச் சொல்வர். அடுத்து 1892இல் யமதா தொரஜிரோ என்ற இளைஞர் தாம் திரட்டிய நன்கொடையுடன் வந்தார். தம் குடும்பத்தில் வழிவழியாக வந்த சாமுராய் கவசத்தைச் சுல்தானுக்குப் பரிசளித்தார். அது இன்றும் தொப்காபி அரண்மனை அருங்காட்சியகத் தொகுப்பில் உள்ளது. யமதா பல ஆண்டுகள் இஸ்தான்புல்லில் வணிகம் செய்து வாழ்ந்தார். தூதரகம் இல்லாத காலத்தில், அங்கு வரும் ஜப்பானியருக்கு அவரது கடையே தூதரகம் போல இருந்தது.

ஒப்பந்தம் ஏன் தடைப்பட்டது?

இவ்வளவு நல்லெண்ணம் இருந்தும் தூதரக ஒப்பந்தம் ஏற்படாததற்குக் காரணம், அக்காலத்தில் கேபிட்டுலேஷன் என்று வழங்கிய சலுகைமுறை. உதுமானியப் பேரரசில் வாழும் ஐரோப்பியர் ஒருவர் குற்றம் செய்தால் உள்நாட்டு நீதிமன்றம் அவரை முழுமையாக விசாரிக்க முடியாது; அவருடைய நாட்டுத் தூதரகமே விசாரிக்கும். சுங்கவரியையும் அரசு தன் விருப்பப்படி உயர்த்த முடியாது. வலிமையோடு இருந்த காலத்தில் சுல்தான்கள் தாமாக அளித்த சலுகை, வலிமை குன்றியபின் கழுத்தை இறுக்கும் கயிறாக மாறியது.

ஜப்பானுக்கும் இதே துன்பம் இருந்தது. 1858 முதல் அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் அதன் மீது இத்தகைய ஒப்பந்தங்களைச் சுமத்தியிருந்தன. எர்துருல் மூழ்குவதற்கு நான்கே ஆண்டுகள் முன்பு, 1886 அக்டோபரில், அதே வாகாயாமா கடலோரத்தில் நார்மன்டன் என்ற பிரித்தானியக் கப்பல் மூழ்கியது. கப்பல் தலைவரும் ஐரோப்பிய மாலுமிகளும் படகுகளில் ஏறித் தப்பினர். ஜப்பானியப் பயணிகள் 25 பேரும் மூழ்கி இறந்தனர். கோபேயில் இருந்த பிரித்தானியத் தூதரக விசாரணையில் கப்பல் தலைவர் மீது குற்றமில்லை என்று முடிவாயிற்று. நாடே கொதித்தெழுந்த பின் நடந்த மறுவிசாரணையில் அவருக்குக் கிடைத்த தண்டனை 3 மாதச் சிறை. அன்னிய நீதிமன்றம் தன் மண்ணில் இருப்பதன் பொருள் என்ன என்பதை ஜப்பானியர் அன்று உணர்ந்தனர்.

அதே ஜப்பான், உதுமானியரோடு பேச வந்தபோது என்ன கேட்டது? ஐரோப்பியர் அனுபவிக்கும் அதே சலுகைகள் தன் குடிமக்களுக்கும் வேண்டும் என்று கேட்டது! தரவில்லையென்றால் ஐரோப்பியருக்குக் கீழே தன்னை வைத்ததாகிவிடும் என்பது அதன் வாதம். இருக்கும் சுமையே தாங்க முடியவில்லை, புதிதாக ஒரு நாட்டுக்கும் அந்த உரிமையைத் தர இயலாது என்பது உதுமானியரின் பதில். பேச்சுவார்த்தை நடக்கும், இந்த இடத்தில் வந்து நின்றுவிடும். 1894இல் பிரிட்டனுடன் செய்துகொண்ட புதிய ஒப்பந்தத்தின் மூலம், 1899 முதல் ஜப்பான் தன் மண்ணில் அன்னிய நீதிமன்றங்களை ஒழித்தது. அதன் பிறகும் உதுமானியரிடம் தன் கோரிக்கையை அது கைவிடவில்லை. ஜப்பானைச் சிறுமைப்படுத்திய அளவுகோலையே அது பிறர்மீது வைத்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. கொரியாவிலும் சீனாவிலும் அது நடந்துகொண்ட விதத்தோடு சேர்த்துப் பார்த்தால் இது வியப்பும் அளிக்காது.

போர்களும் உடன்படிக்கையும்

1904–05 போரில் ரஷ்யாவை ஜப்பான் வென்றதும் துருக்கியர் அதைத் தம் வெற்றியாகவே கொண்டாடினர். உதுமானிய அதிகாரி பெர்தெவ் பே பார்வையாளராக ஜப்பானியப் படையுடன் இருந்து, திரும்பியபின் அதைப் பற்றி எழுதினார். எழுத்தாளர் ஹாலிதே எதிப் தம் மகனுக்கு ஜப்பானியக் கடற்படைத் தலைவர் தோகோவின் பெயரைச் சூட்டினார்.

முதல் உலகப் போரில் இரு நாடுகளும் எதிரெதிர் அணிகளில் இருந்தன. ஆயினும் ஒருவரோடொருவர் நேரடியாகப் போரிடவில்லை. 1921இல் சைபீரியாவில் சிறைப்பட்டிருந்த துருக்கிய வீரர்களை விளாதிவஸ்தோக்கிலிருந்து ஏற்றிவந்த ஹெய்மெய் மாரு என்ற ஜப்பானியக் கப்பலை ஈஜியன் கடலில் கிரேக்கர் தடுத்து நிறுத்தினர். அப்போது துருக்கியருக்கும் கிரேக்கருக்கும் போர் நடந்து கொண்டிருந்தது. கைதிகளை ஒப்படைக்கக் கப்பலில் இருந்த ஜப்பானிய அதிகாரி மறுத்துவிட்டார்.

1923 ஜூலை 24 அன்று சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் துருக்கியுடன் நேச நாடுகள் செய்த உடன்படிக்கையில் ஜப்பானும் கையெழுத்திட்டது. அந்த உடன்படிக்கை பழைய சலுகைமுறையை அடியோடு நீக்கியது. எல்லா நாடுகளும் அச்சலுகைகளை இழந்தபின், தனக்கும் வேண்டும் என்று கேட்க ஜப்பானுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. 34 ஆண்டு முட்டுக்கட்டை இவ்வாறு நீங்கியது. 1924இல் உறவு தொடங்கி, 1925இல் தூதரகங்கள் திறக்கப்பட்டன. துருக்கி அதற்குள் முஸ்தபா கெமால் தலைமையில் குடியரசாகியிருந்தது. 1937இல் துருக்கி அரசு காஷினோவில் இறந்தோருக்குப் புதிய நினைவுச் சின்னம் எழுப்பியது.

1945 பிப்ரவரியில் துருக்கி ஜப்பான் மீது போர் அறிவித்தது. ஐக்கிய நாடுகள் அவையைத் தோற்றுவிக்கும் மாநாட்டில் இடம்பெற அது ஒரு நிபந்தனையாக இருந்ததால் எடுத்த முடிவு; ஒரு குண்டும் வெடிக்கவில்லை. 1952இல் உறவு மீண்டும் ஏற்பட்டது.

டெஹ்ரான், 1985

ஈரான் – ஈராக் போரின்போது, 1985 மார்ச் 17 அன்று, 48 மணி நேரத்துக்குப் பின் ஈரான் வான்வெளியில் பறக்கும் எந்த விமானத்தையும் சுட்டு வீழ்த்துவோம் என ஈராக் அறிவித்தது. டெஹ்ரானில் இருந்த வெளிநாட்டினர் விமான நிலையத்துக்கு விரைந்தனர். ஒவ்வொரு நாட்டு விமானமும் தன் நாட்டவருக்கே முதலிடம் கொடுத்தது. ஜப்பானியருக்கு விமானம் இல்லை. பாதுகாப்பு உறுதியின்றி அனுப்ப முடியாது என்று ஜப்பானிய விமான நிறுவனம் கூறியது. தற்காப்புப் படையை வெளிநாட்டுக்கு அனுப்ப அன்றைய சட்டத்தில் இடமில்லை.

ஜப்பானியத் தூதர் நொமுரா யுதகா துருக்கித் தூதர் இஸ்மத் பிர்செலிடம் உதவி கேட்டார். துருக்கிப் பிரதமர் துர்குத் ஒசாலிடம் அவருக்கு அறிமுகமான ஜப்பானிய வணிகர் ஒருவரும் வேண்டினார். துருக்கி விமானங்கள் இரண்டு டெஹ்ரான் வந்து, மார்ச் 19 அன்று கெடு முடியும் முன் 215 ஜப்பானியரை ஏற்றிக்கொண்டு பறந்தன. ஈரானில் இருந்த துருக்கியர் நூற்றுக்கணக்கானோர் சாலை வழியே நாடு திரும்பினர். தங்கள் நாட்டு விமானத்தில் தங்களுக்கு இடமில்லை என்பதை அவர்கள் ஏற்றுக்கொண்டதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எர்துருலுக்கான நன்றிக்கடன் இது என்று இரு நாடுகளிலும் பின்னர் பேசப்பட்டது. அது உண்மைதான், முழு உண்மையன்று. ஒசால் ஜப்பானிய முதலீட்டை விரும்பியவர். இஸ்தான்புல்லில் இரண்டாம் பாஸ்பரஸ் பாலத்தை ஜப்பானிய நிறுவனங்கள் பங்கேற்ற குழு கட்டி 1988இல் திறந்தது. இருந்தபோதிலும், சுட்டு வீழ்த்தப்படலாம் என்ற வானில் விமானத்தைச் செலுத்திய விமானிகளுக்கு வணிகக் கணக்கு எதுவும் இல்லை. ஜப்பானில் இந்நிகழ்ச்சி சட்டத்தையும் மாற்றியது: வெளிநாட்டில் சிக்கிய குடிமக்களை மீட்கத் தற்காப்புப் படை விமானங்களை அனுப்ப 1994இல் திருத்தம் கொண்டுவரப்பட்டது.

அண்மைக் காலம்

இரண்டுமே நிலநடுக்க நாடுகள். 1999இல் இஸ்மித் பகுதி சிதைந்தபோது ஜப்பானும், 2011இல் கிழக்கு ஜப்பான் சுனாமியில் அழிந்தபோது துருக்கியும் மீட்புக் குழுக்களை அனுப்பின. அதே 2011 நவம்பரில் துருக்கியின் வான் நகரில் உதவப் போன ஜப்பானிய நிவாரணப் பணியாளர் ஒருவர், அடுத்து வந்த நில அதிர்ச்சியில் விடுதி இடிந்து இறந்தார். பாஸ்பரஸ் நீரிணைக்கு அடியில் ஆசியாவையும் ஐரோப்பாவையும் இணைக்கும் மர்மராய் ரயில் சுரங்கப்பாதை ஜப்பானியக் கடனுதவியோடும் தொழில்நுட்பத்தோடும் அமைந்து, 2013 அக்டோபர் 29 அன்று திறக்கப்பட்டது.

காஷினோ இன்று குஷிமோதோ என்ற ஊராட்சியின் பகுதி. அங்கு 1974இல் துருக்கி நினைவு அருங்காட்சியகம் அமைக்கப்பட்டது. ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை இரு நாட்டவரும் கூடி நினைவுநாள் நடத்துகின்றனர். 2007 முதல் துருக்கிய, ஜப்பானிய ஆய்வாளர்கள் அக்கடலில் மூழ்கித் தேடி ஆயிரக்கணக்கான பொருள்களை எடுத்துள்ளனர். உப்பேறிய அந்தப் பொருள்களுள், மாலுமிகளுக்குச் சமைத்த பெரிய செம்பு அண்டா ஒன்றும் உண்டு.