மண்டபம் முகாமிலிருந்து வீட்டுச் சோதனை வரை

இலங்கையின் மன்னார்க் கரைக்கு எதிரே, தமிழகத்தின் மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில், தோட்டத் தொழிலுக்குக் கடல் கடக்க வந்தோர், வாந்திபேதி, பெரியம்மை முதலிய நோய்கள் தீவுக்குள் நுழையாதிருக்கத் தனித்துவைக்கப்பட்டு, மருத்துவப் பரிசோதனைக்குப் பின்னரே, 1914இல் தொடங்கிய தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலில் ஏற்றப்பட்டனர். உடலில் நோயுண்டா என்று தீர்மானிக்கும் உரிமை அங்கு முழுவதும் அதிகாரிகளிடமே இருந்தது.

கொரோனாக் காலத்தில் அவ்வுரிமையின் ஒரு பகுதி மக்களின் கைக்கு மாறியது. 2021 மே மாதம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மூக்கிலெடுத்த மாதிரியில் வைரஸின் புரதத்தைக் கண்டறியும் விரைவு ஆன்டிஜென் சோதனையை வீட்டிலேயே செய்துகொள்ள அனுமதித்தது. தொற்று உண்டெனக் காட்டினால் அம்முடிவே போதுமென ஏற்ற கழகம், அறிகுறி இருந்தும் இல்லையெனக் காட்டினால் ஆர்டி-பிசிஆர் சோதனை வேண்டுமென்றது. முடிவைக் கைப்பேசிச் செயலியில் பதியவும், தொற்றுள்ளோர் தனித்திருக்கவும் கோரியது. ஆகவே இச்சோதனையை மக்கள் ஏற்பது கருவியின் எளிமையை மட்டுமன்றி, முடிவை வெளியிட்டவர் தனித்திருக்கும் நாட்களுக்குக் கூலி கிடைக்குமா என்பதையும் பொறுத்தது.