குழந்தை அழத் தாமதமானால்... லிட்டிலும் ஃப்ராய்டும்

பிறந்த குழந்தை உடனே அழவில்லை என்றால் பிரசவ அறையில் எல்லோருக்கும் பதற்றம் வந்துவிடும். மூச்சுவிடத் தாமதமானால் மூளைக்குப் போகும் ஆக்சிஜன் குறையும். இதனால் பிற்காலத்தில் கை கால்கள் முடங்கலாம் என்று முதலில் விரிவாக எழுதியவர் வில்லியம் ஜான் லிட்டில் என்ற லண்டன் மருத்துவர்.

லிட்டிலுக்கே சிறுவயதிலிருந்து ஒரு பாதம் வளைந்திருந்தது. 1836-ல் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் ஸ்ட்ரோமேயர் என்பவர் செய்த அறுவை சிகிச்சையில் அது சரியானது. அதன்பின் லண்டன் திரும்பிய அவர், இப்படிப்பட்ட குறைகளுக்குச் சிகிச்சை அளிப்பதையே தொழிலாகக் கொண்டார். விறைத்த கால்களோடு வந்த குழந்தைகள் எப்படிப் பிறந்தார்கள் என்ற விவரங்களைச் சேகரித்து, 1861-ல் லண்டன் மகப்பேறு மருத்துவச் சங்கத்தில் கட்டுரை வாசித்தார். கடினமான பிரசவம், குறைப்பிரசவம், பிறக்கும்போது மூச்சுத்திணறல் ஆகியவையே காரணம் என்றார். இன்று மூளை முடக்குவாதம் எனப்படும் இது, 'லிட்டில் நோய்' என்றே அப்போது பெயர் பெற்றது.

இதைச் சந்தேகித்தவர் யார் தெரியுமா? மனநல ஆய்வுக்குப் பெயர்போன சிக்மண்ட் ஃப்ராய்டுதான்! அப்போது அவர் வியன்னாவில் நரம்பியல் மருத்துவர். கடினமாகப் பிறந்த பல குழந்தைகள் நன்றாகத்தானே வளர்கின்றன என்று கேட்டார். கருவிலேயே ஏற்பட்ட கோளாறுதான் பிரசவத்தையும் கடினமாக்குகிறதோ என்று 1897-ல் எழுதினார். இதை அதிகம் பேர் கண்டுகொள்ளவில்லை. பல பத்தாண்டுகள் பிரசவ நேரத்தின் மீதே பழி விழுந்தது.

அமெரிக்காவில் 1959 முதல் 1966 வரை சுமார் 50,000 கர்ப்பங்களைப் பதிவு செய்து, பிறந்த குழந்தைகளை 7 வயது வரை கவனித்தார்கள். அந்த விவரங்களை ஆராய்ந்த காரின் நெல்சனும் ஜோனாஸ் எல்லன்பெர்கும் 1986-ல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலான மூளை முடக்குவாதத்திற்குப் பிரசவ நேர மூச்சுத்திணறல் காரணமல்ல!

அப்படியானால் லிட்டில் சொன்னது தவறா? முழுவதும் அல்ல. குறைப்பிரசவம் ஒரு முக்கியக் காரணம் என்பது இன்றும் உண்மை. சில குழந்தைகளுக்கு ஆக்சிஜன் குறைவே மூளையைப் பாதிக்கிறது. அதனால் முதல் நிமிடத்திலேயே மூச்சுக்கு உதவுவது உயிரையும் மூளையையும் காக்கும். ஆனால் பாதிக்கப்பட்ட ஒரு குழந்தையைப் பார்த்ததும், "தாய் சரியாக முக்கவில்லை, மருத்துவச்சி கவனிக்கவில்லை" என்று உடனே பழி போட்டுவிடக் கூடாது. பல நேரங்களில் காரணம் வலி தொடங்குவதற்கு வெகுமுன்பே நேர்ந்திருக்கும்.