‘ஆர்’ என்ற எழுத்துக்குப் பின்னால் ஒரு சுபேதார்

பாபாசாகேப்பின் பெயரை எழுதச் சொன்னால் நம் மாலை வகுப்புப் பிள்ளைகள் ‘பி.ஆர்.அம்பேத்கர்’ என்று தயங்காமல் எழுதுகிறார்கள். அந்த ‘ஆர்’ யார் என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். இனிஷியல் என்றால் அப்பா பெயர் என்பது தெரியும். அப்பா பட்டாளத்துக்காரர் என்று ஒன்றிரண்டு பேர் சொல்வார்கள். அதோடு நின்றுவிடும். பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. நாமும் பல காலம் அதற்கு மேல் சொல்லிக்கொடுத்ததில்லை.

2018இல் உத்தரப் பிரதேச அரசு, பதிவேடுகளில் ‘பீம்ராவ் ராம்ஜி அம்பேத்கர்’ என்றே எழுத வேண்டும் என்று ஆணை போட்டது. ‘ராம்’ என்ற ஒலிக்காகத்தான் இந்தத் திடீர் அக்கறை என்று நம்மில் பலர் கொதித்தோம். அந்தச் சந்தேகத்தில் தவறில்லை. ஆனால் அந்தச் சண்டையில் ராம்ஜி சக்பால் என்ற மனிதர் இரண்டு பக்கத்திலும் காணாமல் போனார். அவரை யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை.

ராம்ஜி மாலோஜி சக்பால். கொங்கணத்தில் இரத்தினகிரி மாவட்டத்து அம்பாவடே சொந்த ஊர். மகர் சாதி. அவருடைய அப்பா மாலோஜியும் படைவீரர். மனைவி பீமாபாயின் வீட்டிலும் பட்டாளத்தில் பெரிய பதவிக்குப் போனவர்கள் இருந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய்ப் படையில் மகர்கள் பெருமளவில் சேர்ந்திருந்தார்கள். 1818 கோரேகான் போரின் நினைவுத்தூணில் அவர்கள் பெயர்களும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. வெள்ளையன் கருணையால் துப்பாக்கி கொடுக்கவில்லை. நாட்டைப் பிடிக்க அவனுக்கு ஆள் வேண்டியிருந்தது, நம் மக்களுக்கு ஊரைவிட்டு வெளியேற ஒரு வழி வேண்டியிருந்தது. நம் பக்கத்தில் மதராஸ் சாப்பர்ஸில் பறையர்கள் சேர்ந்த கதையும் இதுதான். எத்தனை சேரிகளில் ‘மிலிட்டரிக்காரர் வீடு’ என்று ஒரு வீடு இருக்கிறது, அந்த வீட்டுக்குத்தான் முதலில் கடிதமும் செய்தித்தாளும் வந்தன என்பதை நம் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

ராம்ஜியிடம் நாம் கவனிக்க வேண்டியது துப்பாக்கியை அல்ல, கரும்பலகையை. அன்றைய படை விதிப்படி சிப்பாய்களும் அவர்கள் பிள்ளைகளும், ஆண் பெண் இரு பாலரும், கட்டாயம் படிக்க வேண்டும். அண்ணலே பின்னாளில் இதை எழுதியிருக்கிறார். ஊருக்குள் பள்ளி வாசலை மிதிக்க முடியாத சாதிக்கு, கன்டோன்மென்ட் வேலிக்குள் படிப்பு கட்டாயம்! பூனாவில் ஆசிரியப் பயிற்சி பெற்ற ராம்ஜி, படைப் பள்ளியில் 14 ஆண்டுகள் தலைமையாசிரியராக இருந்தார். சுபேதார் தகுதி வரை உயர்ந்தார். ஜோதிராவ் பூலேயை மதித்தவர். மாவ் படைமுகாமில் 14 ஏப்ரல் 1891 அன்று அவருடைய பதினான்காவது பிள்ளை பிறந்தது. அந்தப் பதினான்கில் பிழைத்து வளர்ந்தது ஐந்துதான்.

மறு வருடமே கதவு சாத்தப்பட்டது. ‘போர்க்குணம் உள்ள இனங்கள்’ என்று ஒரு கோட்பாட்டை வைத்துக்கொண்டு, 1892இல் மகர்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்தினார்கள். முக்கால் நூற்றாண்டு ரத்தம் கொடுத்த சாதிக்கு வீரம் இல்லை என்று ஓர் உத்தரவில் முடிவாகிவிட்டது. அதை எதிர்த்து மனு எழுத ராம்ஜி நீதிபதி ரானடேயின் உதவியை நாடினார். அதே காலத்தில் ஓய்வுபெற்ற இன்னொரு படைவீரர், ஹவில்தார் கோபால் பாபா வலங்கரும் தீண்டாமைக்கு எதிராக எழுதிக்கொண்டும் மனுப் போட்டுக்கொண்டும் இருந்தார். மேற்கு இந்தியாவில் தலித் அரசியலின் முதல் தலைமுறையில் இப்படிப் பென்ஷன் வாங்கும் சிப்பாய்கள் இருந்தார்கள் என்பதைச் சமூகவியல் வகுப்பில் நமக்கு யாரும் சொல்லவில்லை. ராம்ஜியின் மனு அப்போது பலிக்கவில்லை. முதல் உலகப் போருக்கு ஆள் தேவைப்பட்டதும் 1917இல் ஒரு மகர் படையை எழுப்பினார்கள், போர் முடிந்ததும் கலைத்தார்கள். 1941இல்தான் மகர் ரெஜிமென்ட் வந்தது. அதற்காக வாதாடியவர்களில் ராம்ஜியின் மகனும் ஒருவர்.

ஓய்வுக்குப் பின் குடும்பம் தாபோலிக்கும், பிறகு சாத்தாராவுக்கும் போனது. அங்கே பீமாபாய் இறந்தார். ராம்ஜியின் கூன் விழுந்த அக்கா மீராபாய்தான் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். 1901இல் ராம்ஜி வெளியூரில் காசாளர் வேலையில் இருந்தார். கோடை விடுமுறைக்கு அப்பாவைப் பார்க்கப் புதுச் சட்டை, சரிகைக் குல்லாய், பட்டுக்கரை வேட்டியோடு பிள்ளைகள் ரயிலேறினார்கள். மசூர் நிலையத்தில் இறங்கியபோது அழைத்துப் போக யாரும் வரவில்லை. மகர்கள் என்று தெரிந்ததும் ஸ்டேஷன் மாஸ்டரின் முகம் மாறியது. வண்டிக்காரர்கள் எவரும் ஏற்றவில்லை. கடைசியில் இரட்டைக் கூலி. பிள்ளைகளே மாட்டை ஓட்ட வேண்டும், வண்டிக்காரர் பக்கத்தில் நடந்து வருவார். கையில் சோறு இருந்தது, குடிக்க யாரும் தண்ணீர் தரவில்லை. மறுநாள் பகல் 11 மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் வருவதாக எழுதிய கடிதத்தை வேலையாள் ராம்ஜியிடம் சேர்க்கவேயில்லை. சுபேதாரின் தகுதி முகாம் வேலிக்கு வெளியே எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதை ஒன்பது வயது பீம் அந்த ஒரே ராத்திரியில் தெரிந்துகொண்டார்.

ராம்ஜியை நாம் குறையில்லாத மனிதராக்க வேண்டாம். கபீர் பந்தியான அவர் பிள்ளைகளை இராமாயண, மகாபாரதம் படிக்க வைத்தார். நம்மை இழிவாகச் சொல்லும் கதைகளை ஏன் படிக்க வேண்டும் என்று மகன் எதிர்த்துக் கேட்டார். தாழ்வு மனப்பான்மை வரக்கூடாது, எளிய நிலையிலிருந்து கர்ணன் எப்படி உயர்ந்தான் பார் என்பது அப்பாவின் பதில். மகனுக்கு அது போதவில்லை. அப்பா மறுமணம் செய்ததும், சிற்றன்னை அம்மாவின் நகைகளை அணிந்ததும் மகனுக்குப் பொறுக்கவில்லை. பம்பாய் மில்லுக்கு ஓடிப்போய் வேலை பார்த்துத் தன் காலில் நிற்க நினைத்து, ரயில் காசுக்காக அத்தையின் பணப்பையைத் திருடினார் பீம். உள்ளே இருந்தது அரையணா! வெட்கப்பட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்தார்.

பிறகு பம்பாய். பரேல் பகுதியில் ஒற்றை அறைக் குடித்தனம், சமையலும் படுக்கையும் அதிலேயே. மகனைச் சீக்கிரம் தூங்க வைத்துவிட்டு ராம்ஜி விழித்திருப்பார். இரவு இரண்டு மணிக்கு அவனைப் படிக்க எழுப்பிவிட்டு, அந்த இடத்தில் தான் படுத்துக்கொள்வார். மகன் கேட்ட புத்தகத்தை வாங்கக் காசில்லாதபோது, கட்டிக்கொடுத்த மகள்களிடம் போய் நகையை வாங்கி அடகு வைப்பார். பென்ஷன் வந்ததும் மீட்டுக்கொடுப்பார். மஞ்சுளா, துளசி என்ற அந்த இரண்டு பெண்களை நாம் எந்த விழாவிலும் நினைப்பதில்லை. தம்பியின் புத்தகங்களுக்காக அவர்கள் நகை அடகுக்கடைக்குப் போனது, அவர்களை யாரும் எல்பின்ஸ்டன் பள்ளிக்கு அனுப்பவில்லை. 1923இல் வெளிவந்த ‘ரூபாயின் பிரச்சினை’ நூலை அண்ணல் தாய் தந்தை நினைவுக்குக் காணிக்கையாக்கினார். அக்காக்களுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்று நாம் சேர்த்துக்கொள்வோம்.

பட்டப்படிப்பு முடிந்ததும் மகன் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குப் போவதை ராம்ஜி விரும்பவில்லை. அங்கே சாதி அவரை நிம்மதியாக விடாது என்று படாத பாடுபட்ட அந்தக் கிழவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மகன் கேட்கவில்லை, 1913 ஜனவரியில் போனார். சில நாட்களில் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று தந்தி வந்தது. திரும்பும் வழியில், அப்பாவுக்குப் பிடித்த மிட்டாய் வாங்கலாம் என்று சூரத் நிலையத்தில் இறங்கினார். அதற்குள் ரயில் போய்விட்டது. அடுத்த ரயிலைப் பிடித்து மறுநாள் வீட்டுக்குள் நுழைந்தபோது ராம்ஜிக்கு இன்னும் உயிர் இருந்தது. மகனின் முதுகைக் கையால் தடவினார் என்று தனஞ்செய் கீர் எழுதுகிறார். 2 பிப்ரவரி 1913 அன்று அவர் இறந்தார். மகன் அன்று அழுத அழுகையை யாராலும் தேற்ற முடியவில்லையாம்.