விடுபட்ட ஓர் எண்

பூலாம்பாடிப் பக்கம் களத்தில் தானியத்தை மரக்காலால் அளந்த நாட்களில், கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால். விரல்விட்டு எண்ணப் பத்துதான் வசதி. ஆனால் மூன்று பங்காளிகள் நின்றால் பத்து மரக்காலைச் சிதறாமல் பிரிக்க முடியாது. பன்னிரண்டை இரண்டாக, மூன்றாக, நான்காக, ஆறாகப் பிரிக்கலாம்.

பன்னிரண்டுக்கு வகுத்திகள் ஆறு. அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் இத்தனை இல்லை. இப்படித் தன்னிலும் சிறிய எல்லா எண்களையும் வகுத்திகளின் எண்ணிக்கையில் மிஞ்சுகிற எண்களைப் பற்றித்தான் ராமானுஜன் 1915இல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் நீண்ட கட்டுரை எழுதினார். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று போகிற வரிசை. பகா எண்ணுக்கு நேர் எதிர்க்கோடி. இங்கே எஃப்.ஏ. தேர்வில் தோற்றவருக்கு, இந்த ஆராய்ச்சிக்காகவே 1916இல் கேம்பிரிட்ஜ் பட்டம் கொடுத்தது.

கட்டுரையில் 102 எண்கள் கொண்ட ஒரு பட்டியல் உண்டு. கடைசி எண் 6746328388800. ஏறக்குறைய ஆறே முக்கால் லட்சம் கோடி. அதற்கு வகுத்திகள் 10080. ஆனால் பட்டியலில் இடையே ஒன்று விடுபட்டிருக்கிறது: 293318625600. இரண்டை ஆறு முறையும், மூன்றை நான்கு முறையும், ஐந்தையும் ஏழையும் இவ்விரு முறையும், 11, 13, 17, 19 ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் பெருக்கினால் வருவது, வகுத்திகள் 5040. பெரிய பகா எண்ணுக்குப் போகப் போக அடுக்கு கூடாது என்று ராமானுஜனே நிறுவிய விதிக்கு அடங்கியதுதான். இதை 23ஆல் பெருக்கினால் பட்டியலின் கடைசி எண்ணே வந்துவிடுகிறது. அத்தனை அருகில் இருந்தும் கை தவறிவிட்டது.

இந்தத் தவறு எனக்கு முக்கியமாகப் படுகிறது. நாமகிரித் தாயார் கனவில் வந்து சொன்னதையும், 1729 என்ற வாடகை வண்டி எண்ணையும் சொல்லிச் சொல்லி ராமானுஜனை நாம் ஓர் அற்புதமாக்கிவிட்டோம். அற்புதத்துக்கு எண் விட்டுப்போகாது. எண்ணை எண்ணோடு வைத்து நிறுத்துப் பார்த்த உழைப்பாளிக்குத்தான் விட்டுப்போகும்.

கும்பகோணம் கல்லூரியில் 1903 வரை தமிழ் கற்பித்தவர் உ.வே.சாமிநாதையர். ராமானுஜன் அங்கே சேர்ந்தது 1904இல். ஏட்டில் விட்டுப்போன எழுத்தைத் தேடுவதே நூலுக்குச் செய்யும் மரியாதை என்று காட்டியவர் ஐயர். அந்த மரியாதையை நாம் ராமானுஜனுக்குச் செய்யவில்லை.

போர்க்காலப் பண நெருக்கடியில் சங்கம் கட்டுரையின் ஒரு பகுதியை அச்சிடாமல் விட்டது. அப்பகுதி குறிப்புரையோடு வெளிவந்தது 1997இல். உரை எழுதியவர்கள் ழான் லூயி நிக்கோலா, கீ ரோபன் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள். அவர்கள் கனவைப் பற்றி ஆராயவில்லை. வரிவரியாகக் கணக்கைப் படித்தார்கள்.