தொழிலுறவுப் பயிற்சி

தொழிலுறவுப் பயிற்சி என்பது தொழிலாளர், நிர்வாகம், அரசு ஆகிய முத்தரப்பினரும் கூலி, வேலைநேரம், ஒழுங்கு நடவடிக்கை, பணிப்பாதுகாப்பு முதலியவற்றைப் பேசித் தீர்த்துக்கொள்ளத் தேவையான அறிவையும் பழக்கத்தையும் தரும் கல்வி. கோரிக்கைப் பட்டியல் எழுதுதல், நிறுவனத்தின் வரவுசெலவுக் கணக்கைப் படித்தல், உள்விசாரணையில் சக தொழிலாளிக்குத் துணைநிற்றல், சமரச அலுவலர் முன் வழக்கை எடுத்துரைத்தல், ஒப்பந்த வாசகத்தைச் சரிபார்த்தல் ஆகியவை இதன் பாடங்கள். இந்தியாவில் இக்கல்வி சங்கக் கூட்டங்களில் பிறந்து, விடுதலைக்குப் பின் அரசுத் திட்டமாக வளர்ந்தது.

சங்கமே பள்ளி (1908–1926)

1908-இல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் வ.உ. சிதம்பரனார், சுப்பிரமணிய சிவா ஆகியோரின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் பெற்றனர். ஆனால் போராட்டம் ஓய்ந்தபின் பேச்சைத் தொடர நிலையான சங்கம் அங்கு இல்லை.

அந்தக் குறை சென்னைப் பெரம்பூரில் நீங்கியது. கோ. செல்வபதி செட்டியாரும் கோ. இராமானுஜலு நாயுடுவும் நடத்திய ஸ்ரீ வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபைக்குச் சமயச் சொற்பொழிவு கேட்கப் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர் வருவதுண்டு. அங்கே ஆலைக் குறைகளும் பேசப்பட்டன. அதிலிருந்து 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. பி.பி. வாடியா தலைவரானார், தமிழாசிரியர் பணியை விட்டு இதழாசிரியரான திரு.வி. கலியாணசுந்தரனார் துணைத்தலைவரானார். தொழிலாளர் உரிமை என்னும் பொருளைத் தெளிந்த தமிழில் மேடையிலும் இதழிலும் கொண்டுசென்றது திரு.வி.க.வின் பெரும்பணி. தன் குறையைத் தன் மொழியில் சொல்லத் தெரிவதே பேச்சுவார்த்தையின் முதற்பாடம் என்பதால், இப்பயிற்சியின் வரலாற்றில் அவருக்குத் தனி இடம் உண்டு.

சங்கம் இரண்டு கடுமையான பாடங்களையும் கற்றது. இவ்வாலைகளை நடத்திய பின்னி நிறுவனம் தொடுத்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் சங்கத் தலைவர்களுக்கு எதிராகத் தடையாணை பிறப்பித்தது. சட்டக் காப்பில்லாத சங்கத்தின் நிலை அதனால் வெளிப்பட்டது. சங்கங்களுக்குப் பதிவும் காப்பும் வேண்டுமென 1921-இல் என்.எம். ஜோஷி மத்திய சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறியது. 1921 வேலைநிறுத்தத்தின்போது ஆலைத் தொழிலாளரிடையே சாதிப் பிளவு முற்றி, புளியந்தோப்பில் கலவரமாக வெடித்தது. தமக்குள் பேசிக்கொள்ள முடியாத தொழிலாளர் நிர்வாகத்திடம் ஒரே குரலில் பேச இயலாது என்பதை அது உணர்த்தியது.

அகமதாபாத்தில் 1918 ஆலைப் போராட்டத்துக்குப் பின், அனசூயா சாராபாய், காந்தி ஆகியோரின் வழிகாட்டலில் 1920-இல் அமைந்த மஜூர் மகாஜன் சங்கம் வேறொரு மரபை உருவாக்கியது. இரு தரப்பும் ஏற்கும் நடுவர் வழியே தகராறு தீர்ப்பது அதன் முறை.

சட்டமும் பயிற்சியின் தேவையும்

1919-இல் தோன்றிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் முத்தரப்பு முறையைத் தழுவி, 1942 முதல் இந்தியத் தொழிலாளர் மாநாடு கூடியது. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் நூறும் அதற்கு மேலும் தொழிலாளர் உள்ள நிறுவனங்களில் இருதரப்புப் பணிக்குழு அமைக்க வழிசெய்தது. அச்சட்டப்படி, சமரச அலுவலர் முன் ஏற்படும் 12(3) ஒப்பந்தம் சங்கத்தில் இல்லாதவர் உட்பட அனைவரையும் கட்டுப்படுத்தியது. இருதரப்பும் தமக்குள் செய்துகொள்ளும் 18(1) ஒப்பந்தம் கையெழுத்திட்டவர்களை மட்டுமே கட்டுப்படுத்தியது. இந்த வேறுபாடு தெரியாமல் கையெழுத்திட்ட சங்கம் பல மாதப் போராட்டத்தின் பலனை இழக்கும் நிலை இருந்தது. பயிற்சி ஏன் உயிர்நாடி என்பதற்கு இதுவே போதிய சான்று.

சென்னை மாகாணத்தின் தொழில் அமைச்சராகவும் (1937–39) பின்னர் மத்தியத் தொழிலாளர் அமைச்சராகவும் இருந்த வி.வி. கிரி, கட்டாயத் தீர்ப்பாய முறையைவிட நேரடிப் பேச்சே நிலைத்த அமைதி தரும் என வாதிட்டார். வங்கி ஊழியர் ஊதியத் தீர்ப்பை அரசு திருத்தியதை ஏற்காமல் 1954-இல் பதவி விலகினார்.

நிறுவனங்களின் காலம் (1949–1980)

ஜாம்ஷெட்பூரில் 1949-இல் இயேசு சபையினர் தொடங்கிய சேவியர் தொழிலுறவு நிறுவனம் சங்கத்தினருக்கும் நிர்வாகத்தினருக்கும் கற்பித்தது. தொழிற்சாலைச் சட்டம் (1948) ஐந்நூறும் அதற்கு மேலும் தொழிலாளர் உள்ள ஆலைகளில் நல அலுவலரைக் கட்டாயமாக்கியதால், சமூகப்பணிக் கல்வியும் பரவியது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-இல் சமூகப்பணிக் கல்லூரியைத் தொடங்கினார்.

1958-இல் நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்டு மத்தியத் தொழிலாளர் கல்வி வாரியம் அமைந்தது. அதன் மூன்றடுக்கு முறை குறிப்பிடத்தக்கது. வாரியத்தின் கல்வி அலுவலர்கள், சங்கங்கள் பரிந்துரைத்த தொழிலாளரைப் பயிற்றுவிப்பர். அவர்கள் ‘தொழிலாளர்-ஆசிரியர்’களாகத் தத்தம் ஆலைக்குத் திரும்பிச் சக தொழிலாளருக்கு வகுப்பெடுப்பர். நெசவுக்கூடத்தில் பக்கத்துத் தறியில் நிற்பவரே ஆசிரியரானதால், பாடம் அன்றாடச் சிக்கல்களோடு ஒட்டியிருந்தது. 1970-களின் பிற்பகுதியில் கிராமப்புற உழைப்பாளருக்கும் இத்திட்டம் விரிந்தது.

1973-இல் சென்னையில் தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம் ஏற்பட்டது. தொழிலாளர் மேலாண்மையில் பட்டப் படிப்புகளை நடத்துகிறது. 1974-இல் அமைந்த தேசியத் தொழிலாளர் நிறுவனம் பின்னர் வி.வி. கிரியின் பெயரைப் பெற்று நொய்டாவில் இயங்குகிறது. பன்னாட்டளவில், இத்தாலியின் தூரின் நகரில் 1965 முதல் இயங்கும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் பயிற்சி மையம், தொழிற்பயிற்சியில் தொடங்கிச் சமூக உரையாடலையும் கற்பிக்கலாயிற்று. கல்விக்காகச் சம்பளத்துடன் விடுப்பு வழங்கும் அவ்வமைப்பின் உடன்படிக்கை (எண் 140) 1974-இல் நிறைவேறியது. சங்கக் கல்வியும் அதில் அடங்கும்.

அண்மைக் காலம்

ஒப்பந்தத் தொழிலாளர் பெருகி, பெரிய பஞ்சாலைகள் மூடப்பட்டதும் பழைய பயிற்சி முறையின் அடித்தளம் சுருங்கியது. பெரம்பூர் ஆலைகளும் 1990-களில் மூடப்பட்டன. ஆலை வாயிலில் கூடி, வேலைமுறை மாறும் நேரத்தில் கற்கும் வழக்கம் செயலிவழி உணவு விநியோகிப்பவருக்கு வாய்க்காது.

புதிய வழிகளும் தோன்றியுள்ளன. பெண் தொழிலாளி ஒருவரின் கொலைக்குப் பின், 2022-இல் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தத்தில் பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு நெசவு மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கமும் ஆடை உற்பத்தி நிறுவனமும் பன்னாட்டு ஆடை விற்பனை நிறுவனமும் பங்கேற்றன. பாலின வன்முறையைத் தடுக்க, ஏறத்தாழ 25 தொழிலாளருக்கு ஒருவர் வீதம் தொழிலாளரிலிருந்தே கண்காணிப்பாளரைத் தேர்ந்து பயிற்சி தரும் முறை அதில் இடம்பெற்றது. தொழிலாளர்-ஆசிரியர் என்னும் 1958-ஆம் ஆண்டின் எண்ணத்துக்கு இது தையல் வரிசையில் கிடைத்த மறுவாழ்வு.

2020-ஆம் ஆண்டின் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் 51 விழுக்காடு ஆதரவுள்ள சங்கத்தைப் பேச்சுவார்த்தைச் சங்கமாக ஏற்கிறது. அப்படியொன்று இல்லாவிடில், 20 விழுக்காடேனும் ஆதரவுள்ள சங்கங்களின் கூட்டு மன்றம் பேச வேண்டும். ஆகவே வேறுபட்ட கொடிகளின் கீழ் உள்ளவர்கள் நிர்வாகத்தைச் சந்திக்குமுன் தமக்குள் உடன்பாடு காண வேண்டியுள்ளது. புளியந்தோப்பின் பாடம் நூறு ஆண்டுகளுக்குப் பின் சட்டத்தின் வழியே திரும்பி வந்திருக்கிறது. தொழிலுறவுப் பயிற்சியின் அடுத்த கட்டம் அதிலிருந்தே தொடங்க வேண்டும்.