நாடக அரங்கும் அங்கத ஓவியமும்

தொல்காப்பியர் அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இருவகைப்படுத்துவர். வெளிப்படப் பழித்தல் முன்னது. மறைத்துப் பழித்தல் பின்னது. செய்யுட்கு வகுத்த இப்பாகுபாடு அச்சோவியத்திற்கும் பொருந்துமாற்றை ஈண்டு ஒரு சான்றால் காண்போம்.

செரிடன் என்பார் ஆங்கில நாடகாசிரியர், இலண்டன் துரூரி லேன் அரங்கின் உரிமையாளருள் ஒருவர், நாடாளுமன்ற உறுப்பினருமாவார். அவத் நாட்டு அரசியரின் செல்வத்தை வாரன் ஹேஸ்டிங்ஸ் கவர்ந்தார் எனச் சாட்டி, 1787, 1788-ஆம் ஆண்டுகளில் அவர் ஆற்றிய உரைகள் பெரும்புகழ் பெற்றன. 1799 மே 24-இல் அவர்தம் 'பிசாரோ' நாடகம் அரங்கேறிற்று. பொன்வேட்கையால் பெரு நாட்டைச் சூறையாடிய ஸ்பானியத் தலைவனைக் கடிவது அந்நாடகம். அது அரங்கிற்குப் பெரும்பொருளும் ஈட்டித் தந்தது.

அடுத்த திங்களிலேயே ஜேம்ஸ் கில்ரே ஓர் அச்சோவியம் வெளியிட்டார். அதன்கண் செரிடனே பிசாரோ வேடம் பூண்டு, தம் புதிய பெருநாட்டுப் பொற்சுரங்கத்தின் விளைவை நோக்கி மகிழ்கின்றார். சுரங்கமாவது நாடகமே. தலைப்பு அவர் பெயரைச் சுட்டாது வேடத்தின் பெயரையே சுட்டுதலின், இது பழிகரப்பு எனக் கருதுகின்றோம். கொள்ளையைக் கடிந்தவரே கொள்ளைத் தலைவராயினார்!

செரிடன் பேராசையர் என்பதற்கு இவ்வோவியம் சான்றாகாது. அவர் முகத்தையும் நாடகத்தையும் அறிந்தார்க்கன்றி இந்நகை விளங்காது; ஆதலின், அரங்கினை நகரத்தார் எத்துணை அறிந்திருந்தனர் என்பதற்கே இது சான்று.

தொண்டைநாட்டுத் தெருக்கூத்திலோ, கட்டியங்காரன் அரசவேடத்தாரைக் களத்திலேயே நகையாடுவான். அந்நகை பெரும்பாலும் ஏடேறுவதில்லை. அங்கதம் இல்லாக் குறையன்று அது. பதிவு இல்லாக் குறையே என்பதை நம் நாடக வரலாற்றாய்வாளர் மறத்தலாகாது.